வானம் மதுவிலக்குப் பிரதேசம், தெரியுமா?

ஜவ்வாது மலையில், காவலூர்க் காட்டுக்குள், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியோடு ஒரு தொலைநோக்கி இருக்கிறது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து அதைத் திறந்துவைத்தார். பெயர் வைனு பாப்பு தொலைநோக்கி. அந்தப் பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949-இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்த ஆள்! பாப்பு-போக்-நியூகிர்க் என்று மூன்று பேர் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறது அந்த வால்மீன். சரி, இது பள்ளிக்கூட விநாடி வினாவில் வருகிற சங்கதிதான். ஆனால் வால்மீன் சாராயம் கக்கும் என்பது தெரியுமா?

விளையாட்டில்லை, நிஜம். 2015 ஜனவரியில் லவ்ஜாய் என்ற வால்மீன் சூரியனை நெருங்கி வந்தபோது, ஸ்பெயினில் உள்ள 30 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை அதன்மேல் திருப்பினார்கள். வால்மீனிலிருந்து கிளம்பிய வாயுவில் ஈத்தைல் ஆல்கஹால்! டாஸ்மாக் பாட்டிலில் இருக்கிற அதே பொருள்! உச்ச வேகத்தில் இருந்தபோது விநாடிக்குக் குறைந்தது 500 ஒயின் பாட்டிலில் அடங்கும் அளவு ஆல்கஹாலை அது வெளியே தள்ளியது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் சில ஆயிரம் பாட்டில் போயிருக்கும். அது மட்டுமா? பால்வீதியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் தனுசு பி2 என்றொரு மாபெரும் வாயு மேகம் மிதக்கிறது. அதிலும் ஆல்கஹால் இருப்பதை 1975-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இத்தனை சாராயம் மிதக்கிற வானத்தில், ஜமுனாமரத்தூர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் திருப்பத்தூர் இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து, சென்னைக்கு வந்து, டில்லிக்கு விமானம் ஏறினால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும்? ஒரு சொட்டு கிடையாது! இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் மது பரிமாறக் கூடாது. முன்வரிசைச் சொகுசு இருக்கைக்குக் காசு கொட்டியவருக்கும் கிடையாது, கடைசி வரிசைக்காரருக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் மதுக்கடை கண்ணில் படாமல் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்றால் நான் சிபாரிசு செய்வது சென்னை-டில்லி விமானத்தைத்தான்.

இன்னும் மேலே போனால் இன்னும் கெடுபிடி! சர்வதேச விண்வெளி நிலையத்தில் மது மட்டுமல்ல, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம், வாசனைத் திரவியம், சவரத்துக்குப் பின் தடவும் திரவம் எதற்குமே அனுமதி இல்லை. காரணம் ஒழுக்கம் அல்ல, குழாய் வேலை! ஆல்கஹால் சுலபமாக ஆவியாகும். அந்த ஆவி, மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரத்தைப் பிடித்துக் குடிநீராக்கும் கருவிகளைக் கெடுத்துவிடும். ஆனால் பூமிக்கு வெளியே மது அருந்தியவரும் உண்டு, அதுவும் நிலாவில்: 1969-இல் நிலாவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின், வெளியே கால் வைப்பதற்கு முன், கலத்துக்குள் உட்கார்ந்தபடியே கிறிஸ்தவ வழிபாட்டு முறைப்படி ஒரு வாய் திராட்சை மது அருந்தினார். நிலாவில் மனிதன் அருந்திய முதல் பானங்களில் அதுவும் ஒன்று!

இப்போது கீழே இறங்குவோம். ஜவ்வாது மலை என்றதும் செய்தித்தாள் வாசகர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். போலீஸ் மலையேறியது, ஓடையோரத்தில் பேரல் பேரலாகச் சாராய ஊறலைக் கொட்டி அழித்தது. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்த ஊறல் அது. அந்தச் செய்தியை மட்டும் படித்துவிட்டு மலையையே சந்தேகப்படுவது அநியாயம் என்பது என் கட்சி. சாமையும் தேனும் புளியும் அனுப்புகிற மலை அது. சாராயத்தை வாங்கிக் குடித்தவர்களில் சமவெளிக்காரர்கள் எத்தனை பேர் என்று எந்தச் செய்தியும் எழுதுவதில்லை.

சரி, 1937 என்ற ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் என்னென்ன நடந்தது தெரியுமா?

மார்ச் மாதம் இந்திய விமான விதிகள் வெளியாகின்றன. போதையும் விமானமும் சேரக் கூடாது என்று சொல்லும் 24-ஆவது விதி இருப்பது இந்தத் தொகுப்பில்தான். மே 6-ஆம் தேதி அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் ஹிண்டன்பர்க் என்ற ராட்சத வான்கப்பல் தீப்பிடித்து விழுகிறது. அதில் 36 உயிர்கள் போயின. அந்தக் கப்பலுக்குள் மது அருந்தும் கூடம் ஒன்று இருந்தது, அதை ஒட்டி, நம்ப மாட்டீர்கள், புகை பிடிக்கும் அறை! தலைக்கு மேலே பல லட்சம் கன அடி ஹைட்ரஜன், கீழே சிகரெட்டும் காக்டெயிலும்! வாயு உள்ளே வராமலிருக்க இரட்டைக் கதவு, நெருப்புக்கு ஒரே ஒரு மின்சார லைட்டர். விபத்துக்குக் காரணம் அந்த அறை இல்லை என்பது வேறு விஷயம். படிக்கும்போது நமக்குத்தான் வியர்க்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 1. சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி தன் சொந்தச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்குகிறார். அது அடுத்து சித்தூருக்கும் கடப்பைக்கும் போய், 1939-இல் வட ஆற்காட்டுக்கு வந்தது. ஜவ்வாது மலை அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கள் வரி போனதால் இழந்த வருமானத்தை எப்படி ஈடுகட்டுவது? அதற்காகத்தான் 1939-இல் விற்பனை வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்! இன்றைக்குக் கடை பில்லின் அடியில் நாம் முறைத்துப் பார்க்கும் வரியின் தாத்தா அது.

நான்காவதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. அதே 1937-இல் அமெரிக்காவில் ரப்பர்த் தொழிலுக்கான ரசாயனம் செய்யும் ஆலை ஒன்றின் மருத்துவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்கிறார். அங்கே ரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளிகள் வேலை முடிந்து ஒரு வாய் பீர் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கிறார்கள்! குடியை விரட்ட இதுவே மருந்தாகலாமோ என்று அவருக்கு அப்போதே தோன்றியது. பத்தாண்டு கழித்து டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த ரசாயனத்தின் நெருங்கிய உறவான டைசல்ஃபிராமை மாத்திரையாகக் கொண்டுவந்தார்கள். குடியை நிறுத்தும் சிகிச்சையில் இன்றும் நம் ஊர் மருத்துவர்கள் எழுதித் தருவது அதையேதான்.

1937-க்குப் பிறகு தரையில் நடந்த கூத்தைப் பாருங்கள். 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் கடை திறப்பு. 1974-இல் மூடல். 1981-இல் மறுபடி திறப்பு. 1983-இல் டாஸ்மாக் பிறப்பு. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. வான விதிகளின் தாய்ச்சட்டமான 1934 விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதிநியம் வந்துவிட்டது. தாய் மாறினாலும் விமானி குடிக்காமல்தான் ஏற வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

எவ்வளவு குடிக்காமல்? இங்கேதான் இந்தியா உலகத்தையே ஓரங்கட்டுகிறது! அமெரிக்காவில் மதுவுக்கும் விமானத்துக்கும் நடுவே 8 மணி நேரம் போதும், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. ஐரோப்பாவில் 20 வரை. இந்தியாவில் 12 மணி நேர இடைவெளி, அளவு பூஜ்யம். ஜவ்வாது மலைக் கொண்டை ஊசி வளைவில் லாரி ஓட்டுகிறவருக்கே மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராம் வரை விட்டுக்கொடுக்கிறது. விமானிக்கு அதுவும் இல்லை!

பன்னிரண்டு மணி நேரம் தாராளம்தானே என்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுவோம். சராசரி உடம்பு, மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் இரத்தத்து ஆல்கஹாலைக் கரைக்கும். தயிர், எலுமிச்சை, கருப்புக் காபி, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் இந்த வேகத்தை ஒரு பொட்டுக்கூடக் கூட்டாது. இரவு 8 மணிக்கு ஒருவர் 200 மில்லிகிராமில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். காலை 8 மணிக்கு 180 கரைந்திருக்கும், 20 மிச்சம். அமெரிக்க வரம்பில் பாஸ். நம் லாரி வரம்பில் பாஸ். இந்திய விமானியாக இருந்தால் ஃபெயில்! முதல் தடவை மாட்டினால் 3 மாதம் உரிமம் முடக்கம், இரண்டாம் தடவை 3 ஆண்டு, மூன்றாம் தடவை உரிமமே ரத்து. ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால் மாட்டியதாகவே கணக்கு.

ஊதுகிற கருவிக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? அது ஒரு குட்டி மின்நிலையம்! நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் சுமார் 2,100 மில்லிலிட்டர் மூச்சில் இருக்கும் ஆல்கஹால், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்பது அடிப்படை. கருவிக்குள்ளே பிளாட்டினத் தகடு. ஆல்கஹால் மூலக்கூறு அதன்மேல் பட்டால் அசெட்டிக் அமிலமாக மாறும், அதாவது வினிகராக! அந்த மாற்றத்தில் ஒரு துளி மின்சாரம் பிறக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு போதை. மூக்குக்கு ஏலக்காய் வாசம் காட்டி ஏமாற்றலாம், பிளாட்டினத்தை ஏமாற்ற முடியாது.

அதனால்தான் 2023-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இன்னும் ஒரு படி இறங்கி, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தையும் பல் ஜெல்லையும் விமானிகளும் பணிப்பெண்களும் தொடக் கூடாது என்று விதி போட்டது. வரைவில் வாசனைத் திரவியத்தையும் சேர்த்திருந்தார்கள்! இறுதி விதியில் அது இல்லை. நல்லவேளை.

பூஜ்யம் என்பது வீம்பு இல்லை என்பதற்கு நம் காதே சாட்சி. காதுக்குள்ளே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய சவ்வுத் தடுப்பு. நாம் திரும்புவதை, சாய்வதை மூளைக்குச் சொல்வது அதுதான். குடித்தால் ஆல்கஹால் முதலில் அந்தச் சவ்வுக்குள் நுழைகிறது, அதைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் தாமதமாக. சவ்வு லேசாகி மிதக்க, படுத்தால் கட்டில் சுற்றுகிறது. பல மணி நேரம் கழித்து ஆல்கஹால் வெளியேறும்போதும் அதே வரிசை. சவ்வு முதலில், திரவம் பிறகு. இப்போது சவ்வு கனமாகி, கட்டில் எதிர்ப்பக்கம் சுற்றும்! இரத்தத்தில் ஒன்றுமே இல்லாத நேரத்திலும் இது நடக்கும் என்பதுதான் பயங்கரம். 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கடற்படை விமானிகளுக்கு மது கொடுத்து, 14 மணி நேரம் கழித்துப் பாவனை விமானத்தில் உட்காரவைத்தார்கள். அப்போதும் கைவரிசை சரியில்லை. தெளிந்துவிட்டோம் என்று அவர்களே நினைத்துக்கொண்டிருந்தாலும்!

நிஜ விபத்தும் உண்டு. 1977 ஜனவரி 13, அலாஸ்காவின் ஆங்கரேஜ். ஜப்பான் ஏர்லைன்ஸின் சரக்கு விமானம். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட மாடுகள், மாடுகளைக் கவனித்துக்கொள்பவர்கள் இரண்டு பேர், விமானிக் குழு மூன்று பேர். கேப்டனின் இரத்தத்தில் கிட்டத்தட்ட 300 மில்லிகிராம்! கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது, ஒருவரும் மிஞ்சவில்லை. இதில் நெஞ்சை அறுக்கிற துணுக்கு ஒன்று: கேப்டனை விமான நிலையத்தில் இறக்கிவிட்ட டாக்சி ஓட்டுநருக்கே ஆள் நிதானத்தில் இல்லை என்று தெரிந்திருந்தது. டாக்சி நிலையத்திலிருந்து தகவலும் சொன்னார்கள். நிறுத்துவாரில்லை.

ஆனால் லைல் ப்ரவுஸ் கதை தெரியுமா? இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். 1990 மார்ச் 8. அமெரிக்காவின் ஃபார்கோ நகரிலிருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727. முந்தைய இரவு மூன்று விமானிகளும் குடித்தார்கள். கேப்டன் ப்ரவுஸ் ரம்மும் கோலாவுமாகப் பதினைந்துக்கு மேல். காலையில் ஏறி ஓட்டினார்கள், பத்திரமாக இறக்கவும் செய்தார்கள். இறங்கிய இடத்தில் கைது! குடித்துவிட்டுப் பயணி விமானம் ஓட்டியதற்காகச் சிறைக்குப் போன முதல் அமெரிக்க விமானிகள் இந்த மூவர்தான். ப்ரவுஸுக்கு 16 மாதத் தண்டனை. வேலை போனது, உரிமங்கள் அத்தனையும் பறிபோயின. வியட்நாம் போரில் போர் விமானம் ஓட்டிய மனிதர், ஒரே நாளில் நாடு முழுக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைக்குப் பொருளானார்.

அதோடு அவர் குடியை நிறுத்தினார். சும்மா நிறுத்தவில்லை, நிறுத்திய நிறுத்தம்! சிறையிலிருந்து வந்து, ஐம்பது வயதைத் தாண்டியவர், சின்ன விமானம் ஓட்டும் ஆரம்ப உரிமத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தேர்வாக மறுபடி எழுதினார். எந்த நிறுவனம் அவரை வெளியே தள்ளியதோ அதே நார்த்வெஸ்ட் திரும்ப எடுத்துக்கொண்டது. 60 வயதில் ஓய்வு பெறும்போது அவர் என்னவாக இருந்தார் தெரியுமா? போயிங் 747 ஜம்போவின் கேப்டன்! 2001 ஜனவரியில், பதவியை விட்டுப் போகும் கடைசி நாளில், அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார்.

இது ஒரு தனி மனிதரின் அதிசயம் மட்டும் இல்லை. குடிநோய்க்கு ஆளான விமானிகளைப் பிடித்துத் தூக்கி எறியாமல், சிகிச்சை கொடுத்து, ஆண்டுக்கணக்கில் கண்காணித்து, மறுபடி விமானம் ஓட்டவைக்கும் திட்டம் ஒன்று அமெரிக்காவில் 1974 முதல் நடக்கிறது. ஆயிரக்கணக்கான விமானிகள் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். எனக்கென்னவோ மறைத்துக் குடிக்கிற ஒருவரைவிட, நிறுத்திவிட்டதாகச் சொல்லி மாதாமாதம் பரிசோதனைக்கு நிற்கிற ஒருவர் ஓட்டுகிற விமானத்தில் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

தூக்கம் என்றதும் பயணிக்கு வருவோம். 35,000 அடியில் பறந்தாலும் விமானத்துக்குள் காற்றழுத்தம் அவ்வளவு குறையவிட மாட்டார்கள். அதிகபட்சம் 8,000 அடி, அதாவது 2,438 மீட்டர் உயரத்து அழுத்தம். காவலூர் சுமார் 725 மீட்டர், ஊட்டி 2,240. ஆக, விமானத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஊட்டிக்கும் மேலே! கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்றில் ஈரப்பதமும் அநேகமாக 20 சதவீதத்துக்குக் கீழே.

இங்கே குடித்துவிட்டுத் தூங்கினால்? ஜெர்மன் விண்வெளி மையம் 48 பேரை வைத்துப் பார்த்து 2024-இல் முடிவை வெளியிட்டது. எல்லாரும் 18 முதல் 40 வயதுக்குள், ஆரோக்கியமானவர்கள். சாதாரண அறையில் குடிக்காமல் தூங்கியவர்களின் இரத்த ஆக்சிஜன் 96 சதவீதம், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64. விமான அழுத்தத்தில், இரண்டு கேன் பீருக்குச் சமமான மதுவோடு தூங்கியவர்களுக்கு? ஆக்சிஜன் 85, துடிப்பு 88! கொரோனா காலத்தில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்துப் பழகிய நமக்கு 85 என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இளவட்டங்களுக்கே இப்படி என்றால், இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள பெரியவர் என்ன ஆவார்?

ஆனால் "மேலே ஒரு பெக் கீழே இரண்டு பெக்" என்று சொல்கிறார்களே, அது? அது பெரும்பாலும் கட்டுக்கதை! 1930-களில் கிளம்பிய நம்பிக்கை அது. பிறகு வந்த ஆய்வுகளில் உயரத்தினால் இரத்தத்து ஆல்கஹால் அளவு குறிப்பிடும்படி ஏறவில்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்து, தொண்டை காய்ந்து, தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஆளுக்கு அதே அளவு மது கூடுதல் தள்ளாட்டம் தருகிறது, அவ்வளவுதான்.

சரி, குடிக்காதவர் மேலே என்ன குடிப்பது? தக்காளிச் சாறு! சிரிக்காதீர்கள். தரையில் தக்காளிச் சாற்றைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட விமானத்தில் அதைக் கேட்டு வாங்குவதைக் கண்டு லுஃப்தான்சா நிறுவனம் ஆராய்ச்சியே செய்யச் சொன்னது. பின்னர் 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டது: விமானத்துக்குள் இருக்கும் 85 டெசிபல் இரைச்சல் இனிப்புச் சுவையை மழுக்குகிறது, தக்காளியிலும் காளானிலும் இருக்கும் உமாமிச் சுவையைத் தூக்கிவிடுகிறது! உப்பும் மிளகுத் தூளும் கேட்டு வாங்கிக் கலந்தால் ஆறிப்போன ரசம் மாதிரி இருக்கும், வயிற்றுக்கு இதம். காபியை நம்பாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், டிகாஷன் இறங்குவது கஷ்டம்.

மனிதன் குடிக்கக் கூடாத வானத்தில் விமானமே குடித்த கதை ஒன்று உண்டு, அதுவும் நம் நாட்டில்! ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தை நெருங்கும் மிக்-25 உளவு விமானங்கள் 1981 முதல் 2006 வரை நம் விமானப்படையில் பரேலியிலிருந்து பறந்தன. அந்த வேகத்தில் சூடேறும் கருவிகளைக் குளிர்விக்க அவற்றுக்குத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து ஊற்ற வேண்டும். சோவியத் நாட்டின் டியூ-22 குண்டுவீச்சு விமானம் இதற்கும் மேலே, சுமார் 450 லிட்டர் கலவை! தரைப் பணியாளர்கள் அதை எப்படிக் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "ஒலியை மிஞ்சும் சாராய வண்டி" என்று அதற்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

வெளிநாட்டு விமானங்களிலும் சொட்டுக்கூட இல்லாதவை உண்டு. சவுதியா, குவைத் ஏர்வேஸ், எகிப்து ஏர், ராயல் புருனே. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் குடியை விட்ட பிறகு டிக்கெட் போடும்போது விலைக்கு அடுத்தபடியாக இதைத்தான் பார்ப்பார்கள் என்றால் எனக்கு ஆச்சரியம் வராது. பெட்டியில் எடுத்துப் போகும் சரக்குக்கும் கணக்கு உண்டு: 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது ஆளுக்கு 5 லிட்டர், 70-க்கு மேல் போனால் அது மது அல்ல, எரிபொருள்! குடித்துவிட்டு ரகளை செய்தால் 2017 முதல் நம் நாட்டில் பறக்கத் தடைப் பட்டியல் இருக்கிறது. வாய்த் தகராறுக்கு 3 மாதம் வரை, கை நீட்டினால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து என்றால் குறைந்தது 2 ஆண்டு. 2022 நவம்பரில் நியூயார்க்-டில்லி விமானத்தில் ஒரு பயணி குடிபோதையில் சக பயணிமீது சிறுநீர் கழித்த விவகாரத்தில், அதைக் கையாண்ட விதத்துக்காக ஏர் இந்தியாவுக்கே 30 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது.

குடியை விட்டவர்களுக்கு உண்மையான சோதனை சிங்கப்பூர், துபாய், லண்டன் விமானங்களில்தான். தள்ளுவண்டி இலவசமாக வந்து முழங்கையில் இடிக்கும்! ஏறியதும் பணிப்பெண்ணிடம் "எனக்கு மது வேண்டாம், கேட்கவும் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர்கள் ஒயின் ஊற்றிய குழம்பு, ரம் ஊறிய கேக், இருமல் மருந்து எல்லாவற்றிலும் கண் வைக்க வேண்டும். முப்பதாயிரம் அடியில் நெஞ்சு படபடத்தால் இறங்கி நிற்க வழியில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான சிகிச்சைக்கு வழிபோட்டவரின் பாதையிலும் ஒரு வெளிநாட்டுப் பயணம் உண்டு, தெரியுமா? 1979-இல் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர். 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறிந்த இடம். 1992-இல் பத்மஸ்ரீ. நகரத்தோடு நிற்காமல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். மலைக்கும் இப்படி முகாம்கள் ஏறினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பயணத்தில் குடிக்காமல் இருப்பது என்ற விஷயத்துக்கு ஆதிகதை எது தெரியுமா? 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் ஒரு வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற வெளியூருக்கு வந்திருக்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான். வியாபாரம் படுத்துவிட்டது, பையில் காசில்லை, மே ஃபிளவர் ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்திலேயே தேவாலயங்களின் எண்கள். தொலைபேசியை எடுத்தார்! "பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும்" என்று ஊர் பேர் தெரியாத பாதிரியார்களிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்த டாக்டர் எழுந்தது பல மணி நேரம் கழித்து! அந்தச் சந்திப்பிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற உலகளாவிய அமைப்பே பிறந்தது.

அந்தத் தொலைபேசியின் வாரிசு இன்று விமான நிலையங்களில் இருக்கிறது. அமெரிக்க விமான நிலையங்களில் சில சமயம் ஒலிபெருக்கி இப்படிக் கூப்பிடும்: "பில் டபிள்யூவின் நண்பர்கள் இன்ன வாசலுக்கு வரவும்." கேட்கிற நூற்றுக்கணக்கானவர்கள் யாரோ ஒரு பில்லின் கூட்டாளிகளைத் தேடுகிறார்கள் என்று நினைத்துப் போய்விடுவார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும், குடியை விட்ட யாரோ ஒருவர் மதுக்கூடத்துக்குப் பக்கத்தில் தவித்துக்கொண்டிருக்கிறார், பேச ஆள் கேட்கிறார் என்று. பெயர் தெரியாத இரண்டு பேர் அந்த வாசலில் வந்து நிற்பார்கள், விமானம் கிளம்பும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். நம் விமான நிலையங்களில் இப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அந்த அமைப்பின் கூட்டங்கள் ஜூமிலும் நடக்கின்றன. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வரியில்லாக் கடைகளின் பாட்டில் வரிசைக்கு முதுகைக் காட்டியபடி, விமான நிலைய நாற்காலியிலிருந்தே கலந்துகொள்ளலாம்.